ஓடினால் எப்படிப் பணம் வரும்? குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓடும் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை ஆண்டு சிகிச்சை. அது முடிந்த அடுத்த ஆண்டு, குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஒரு முழு மராத்தான் ஓடினேன். 42.195 கிலோமீட்டர். அதற்கு முன் நான் ஓடியது பள்ளி விளையாட்டு விழாவில்தான், அதிலும் கடைசியாக வந்தேன்.

அன்றிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஓட நினைக்கும் அப்பா அம்மாக்கள், பணம் கொடுக்க யோசிக்கும் உறவினர்கள், வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள் என்று யாராவது கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, ஓட்டப் பயிற்சியாளரும் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்ட முடிவுகளை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஓடினா எப்படிங்க பணம் வரும்? யாரு குடுக்கிறாங்க?

ஓடுவதற்கு யாரும் பணம் தருவதில்லை. சொல்லப்போனால் பதிவுக் கட்டணம் என்று நாம்தான் கட்ட வேண்டும். ஒரு தூரத்தையும் தேதியையும் அறிவித்துவிட்டு, "இந்த நாளில் இவ்வளவு தூரம் ஓடப்போகிறேன், அதை முன்னிட்டு இந்த ஆராய்ச்சி அமைப்புக்கு முடிந்ததைக் கொடுங்கள்" என்று தெரிந்தவர்களிடம் கேட்கிறோம். அவர்கள் கொடுப்பது அமைப்புக்குப் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் இரண்டு வழி உண்டு. பெரிய மராத்தான்களில் தொண்டு அமைப்புகளுக்கென்று சில இடங்களை ஒதுக்குவார்கள். குறைந்தது இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் அந்த இடம் கிடைக்கும். கையெழுத்துப் போடும் முன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். தொகை குறைந்தால் மீதியை நம்மிடமே வாங்கும் அமைப்புகளும் இருக்கின்றன. இன்னொரு வழி, நாமே ஒரு தூரத்தை வைத்துக்கொண்டு ஓடுவது. அதில் குறைந்தபட்சத் தொகையும் கிடையாது, கைதட்டக் கூட்டமும் கிடையாது.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. 1988-இல் ப்ரூஸ் க்ளீலண்ட் என்ற அமெரிக்க அப்பா, தன் மகளுக்கு லுக்கேமியா என்ற ரத்தப் புற்று வந்ததை ஒட்டி 38 பேர் கொண்ட குழுவைத் திரட்டி நியூயார்க் மராத்தான் ஓடினார். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 3,22,000 டாலர் சேர்ந்தது. ஓடத் தெரியாதவர்களைக் குழுவாகச் சேர்த்து, பயிற்சியாளர் வைத்து, நிதி திரட்டச் சொல்லும் இன்றைய முறை பரவியதில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பணம் வேணும்னா நேரா கேட்டுடலாமே. எதுக்கு உடம்பைப் போட்டு வருத்திக்கிறீங்க?

நானும் முதலில் இதையேதான் கேட்டேன். நேராகக் கேட்டும் பார்த்தேன். பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். மற்றவர்கள் மனமில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். குழந்தைக்குப் புற்றுநோய் என்றதும் பேச்சே எழாமல் போய்விடுகிறது. எதைக் கேட்டாலும் தப்பாகிவிடுமோ என்று ஒதுங்கிப் போகிறார்கள்.

ஓட ஆரம்பித்ததும் அவர்களுக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது. "இந்த வாரம் எத்தனை கிலோமீட்டர்?" என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு நாள் என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். ஐஸ் வை, கால் நீட்டு என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "முதுகுத்தண்டில் ஊசி போடுவார்களே, பாப்பாவுக்கு ரொம்ப வலிக்குமா?" என்றார். அந்தக் கேள்வியை இரண்டு ஆண்டும் உள்ளே வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்து ஓட்டத்தின் பயன் இதுதான். வாயடைத்துப் போனவர்களுக்கு அது ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நோய்க்குத் தேதி கிடையாது, ஓட்டத்துக்கு உண்டு. "அப்புறம் கொடுக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களைத் தேதி அசைக்கும். எனக்கு வந்த தொகையில் பெரும்பகுதி கடைசி நான்கு நாளில் வந்தது.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை இழந்தவர். சிகிச்சையின்போது கூட இருந்த நோயாளிகள், அதிலும் சிறு பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் ஓட முடிவெடுத்தார். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் புறப்பட்டு, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மராத்தான் என்று 143 நாள் ஓடினார். மொத்தம் 5,373 கிலோமீட்டர். கனடாவில் தலைக்கு ஒரு டாலர் கிடைத்தால் போதும் என்றார். 1981 தொடக்கத்துக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அப்போதைய கனடாவின் மக்கள்தொகையும் அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதியிருந்தால் அது சேர்ந்திருக்குமா?

பெரியவங்களுக்குக் கண்டுபிடிச்ச மருந்தையே அளவைக் குறைச்சுக் குடுக்கலாமே? குழந்தைங்களுக்குன்னு தனி ஆராய்ச்சி எதுக்கு?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பெரியவர்களுக்கு வருபவை பெரும்பாலும் நுரையீரல், மார்பகம், குடல் என்று உறுப்புகளின் உட்பூச்சில் பல ஆண்டுச் சேதம் சேர்ந்து உருவாகும் புற்றுகள். குழந்தைகளுக்கு வருபவை பெரும்பாலும் வளர்ச்சியின் நடுவே தடம் மாறிய செல்களிலிருந்து வருகின்றன. ரத்தப் புற்று, மூளைக்கட்டி, நிணநீர்ப் புற்று, நரம்புச் செல் மூலத்திலிருந்து வரும் நியூரோபிளாஸ்டோமா, கரு நிலைச் சிறுநீரகத் திசுவிலிருந்து வரும் வில்ம்ஸ் கட்டி என்று பட்டியலே வேறு. அதனால் "நீங்கள் என்ன கொடுத்து வளர்த்தீர்கள்?" என்று பெற்றோரைக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குழந்தைப் புற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு வாழ்க்கை முறை காரணமே இல்லை.

இரண்டாவது, எண்ணிக்கை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பெற்ற மனதுக்கு அது பெரிய எண். மருந்து நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் சின்ன எண். அதையும் பல வகைகளாகப் பிரித்தால் சில வகைகளுக்கு ஒரு நாட்டில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஒரு மருந்தைச் சோதிக்கவே பல நாட்டு மருத்துவமனைகள் கை கோக்க வேண்டும். லாபம் குறைவு என்பதால் அரசுப் பணமும் நன்கொடையும்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, அளவைக் குறைத்துக் கொடுப்பது. கீமோ மருந்து வளரும் உடம்பில் வேறு மாதிரி வேலை செய்கிறது. பிழைத்த பிள்ளைக்கு முன்னால் அறுபது எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. டாக்ஸோரூபிசின் வகை மருந்துகள் இதயத்தை பலவீனப்படுத்தலாம், சிஸ்பிளாட்டின் காதைப் பாதிக்கலாம். நோயைக் கொல்வதோடு இந்தச் சேதத்தைக் குறைப்பதற்கும் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. சில கல்லீரல் கட்டிகளுக்கு சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தால், கேட்கும் திறன் இழக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிறது என்று ஒரு பன்னாட்டுப் பரிசோதனையில் தெரிந்தது. 2022-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மருந்து ஒன்றும் புதிதில்லை. எத்தனை மணி நேரம் கழித்துக் கொடுப்பது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு உழைப்பு.

இத்தனை வருஷமா ஆராய்ச்சின்னு சொல்றாங்க. என்னதான் கிழிச்சாங்க?

என் மகள் இப்போது பக்கத்து அறையில் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். 1947-க்கு முன் அவளுக்கு வந்த நோய் வந்திருந்தால், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முடிந்திருக்கும்.

1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தால் லுக்கேமியா வந்த பிள்ளைகள் சிலருக்கு நோய் அடங்கியது என்று எழுதினார். சில மாதம்தான் அடங்கியது, திரும்பவும் வந்தது. ஆனால் அடங்க முடியும் என்பதே அதுவரை யாரும் பார்க்காதது. 1960-களில் வின்கிரிஸ்டின் வந்தது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது. சுவரோரம் யாரும் கேட்காமலே பூத்துக் கிடக்குமே, அதே செடிதான். மகளுக்கு அந்த மருந்து ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த இளஞ்சிவப்புப் பூதான் ஞாபகம் வரும். 1962-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை தொடங்கியபோது, பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்று வகையில் 100-க்கு 4 பேர்தான் பிழைத்தார்கள். மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளை, தண்டுவடத்துக்கும் சிகிச்சை கொடுத்து, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் சுமார் 90. நோய் திரும்பத் திரும்ப வந்த பிள்ளைகளுக்கு, அவர்களின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை 2012-இல் முதன்முதலாக ஒரு சிறுமிக்குக் கொடுக்கப்பட்டது, 2017-இல் அனுமதி பெற்றது.

எல்லாம் இப்படி இனிப்பான கதை இல்லை. மூளைத்தண்டில் பரவி வளரும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டி வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. "என்ன கிழித்தார்கள்" என்ற கேள்வியை அந்தப் பெற்றோர் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. அவர்களில் சிலர்தான் எங்களோடு ஓடுகிறார்கள்.

நான் குடுக்கிற கொஞ்சப் பணத்துல என்ன ஆகிடப்போகுது?

ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க ஆகும் செலவை நினைத்தால் ஒன்றும் ஆகாது போலத்தான் தோன்றும். ஆனால் ஆராய்ச்சியில் பெரிய மானியம் கிடைப்பதற்கு முன் ஒரு கட்டம் இருக்கிறது. யோசனை இருக்கும், ஆதாரம் இருக்காது. ஆதாரம் இல்லாமல் பெரிய பணம் வராது. கட்டித் திசுக்களை உறைய வைத்துப் பாதுகாக்க, ஒரு இளம் ஆய்வாளருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்க, பரிசோதனையில் சேர்ந்த பிள்ளைகளின் விவரத்தைப் பதிவு செய்ய ஒரு ஆள் வைக்க என்று இந்தக் கட்டத்தில்தான் பெற்றோர் திரட்டும் தொகை கைகொடுக்கிறது.

1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 36 பேர் சைக்கிள் ஓட்டி 10,200 டாலர் திரட்டினார்கள். பான்-மாஸ் சேலஞ்ச் என்ற அந்தப் பயணம் பிறகு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுவதாக வளர்ந்தது. முதல் ஆண்டே யாராவது தொகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. என்னால முடியுமா?

முடியும், ஆனால் அடுத்த மாதமே முடியாது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். பிள்ளையை ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்குத் தூக்கி அலைந்த பெற்றோர் தங்களுக்கு என்று ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். எனக்கு ரத்தசோகை இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

நடையில் தொடங்கி, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது, ஐந்து கிலோமீட்டர், பத்து, அரை மராத்தான் என்று போக ஒரு ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். மராத்தானுக்கென்ற பயிற்சி அதில் கடைசி நான்கு, ஐந்து மாதம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், மற்ற நாள் சின்ன ஓட்டங்கள், கட்டாயம் ஓய்வு நாள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். நீண்ட ஓட்டம் 30 கிலோமீட்டர் வரை போனால் போதும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டும்.

நான் செய்த தப்பு: மூன்றாவது மாதம் உற்சாகத்தில் வாரத் தூரத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்போரம் கத்தி வைத்த மாதிரி வலி. ஆறு வாரம் ஓட முடியவில்லை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து பார்த்துவிட்டு, "டாக்டர் சொன்னதைக் கேட்கணும்மா" என்றாள். நான் அவளிடம் இரண்டரை ஆண்டு சொன்ன அதே வாக்கியம், அதே குரல்.

ஓட்டம்தான் ஓடணுமா? சைக்கிள், நீச்சல், மலையேற்றம்லாம்?

உங்கள் மூட்டு எதைத் தாங்குமோ, வீட்டு நேரம் எதற்கு இடம் கொடுக்குமோ அது. ஓட்டத்துக்குச் செலவும் குறைவு, நேரமும் குறைவு. நீண்ட சைக்கிள் பயிற்சி ஒரு நாளின் பாதியைத் தின்றுவிடும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு மராத்தான் என்று அயர்ன்மேன் போட்டிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் அதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிவதில்லை.

ட்ரீட்மெண்ட் நடக்கும்போதே ஆரம்பிக்கலாமா? சும்மா உட்கார்ந்திருக்க முடியலை.

அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். இருந்தாலும் என் பதில், முதல் ஆறேழு மாதம் வேண்டாம் என்பதுதான். தீவிர கீமோவின்போது, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கும். 38 டிகிரி காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை. விடியட்டும், குளித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே கிடையாது. போன் எடுக்காமல் பத்து கிலோமீட்டர் தள்ளி நீங்கள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. கூட்டத்தோடு ஓடிச் சளியை வீட்டுக்குக் கொண்டுவருவது இன்னொரு ஆபத்து.

மாத்திரைக் கட்டத்துக்கு வந்த பிறகு, வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால், சின்ன அளவில் தொடங்கலாம். அதுவரை மருத்துவமனைப் படிக்கட்டு இருக்கிறது. மகள் தூங்கும்போது செவிலியரிடம் சொல்லிவிட்டு நான்கு மாடி ஏறி இறங்குவேன். அது பயிற்சி என்று அப்போது எனக்குத் தெரியாது, அழ ஒரு இடம் என்றுதான் போனேன்.

பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்கும்போது அம்மா வெளியில ஓடிட்டிருக்கிறது நல்லாவா இருக்கு?

எப்போது தொடங்கலாம் என்பதை இதற்கு முந்தைய பதிலிலேயே சொல்லிவிட்டேன். மற்றபடி, என் கணவர் வாராவாரம் பூப்பந்து ஆடப் போகிறார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

பாப்பாவோட மொட்டைத் தலை போட்டோ போட்டா நிறைய பணம் வருமாமே. போடலாமா?

வரும், உண்மைதான். போட வேண்டாம் என்பது என் கருத்து. போட்டே தீர வேண்டும் என்றால் பிள்ளையைக் கேளுங்கள். பேசத் தெரிந்த பிள்ளைக்கு விருப்பு வெறுப்பு சொல்லவும் தெரியும். அந்தப் படம் பதினைந்து ஆண்டு கழித்து அவள் வேலைக்குப் போகும் இடத்தில், அவளுக்குத் தெரியாத ஒருவரின் போனில் இருக்கும். எந்த மருத்துவமனை, எந்தப் பள்ளி, முழுப் பெயர், இவையெல்லாம் எதற்கு?

நான் கேட்டபோது மகளுக்கு எட்டு வயது. "மொட்டைப் படம் வேணாம். தொப்பி போட்டதும் வேணாம்" என்றாள். சிறிது நேரம் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். நான் ஓடுகிற படம். எனக்கு மூன்று கால். ஏன் என்றால், வேகமாக ஓடத்தானாம். அந்தப் படத்தைத்தான் எல்லோருக்கும் அனுப்பினேன். முப்பது பேராவது மூன்றாவது காலைப் பற்றிக் கேட்டார்கள், கேட்டவர்கள் கொடுத்தார்கள்.

"நீ ஓடினா எனக்கு ஊசி கம்மியாகுமா?"ன்னு பிள்ளை கேட்டா என்ன சொல்றது?

ஆகாது என்று சொல்லுங்கள். நான் முதலில் மழுப்பினேன், அது தப்பு. பிள்ளைகள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள்: அம்மா நன்றாக ஓடினால் எனக்குச் சரியாகும், ஓடாவிட்டால் திரும்ப வரும். அந்தப் பாரத்தை உங்கள் காலிலும் அவர்கள் தலையிலும் ஏற்றக் கூடாது. "உனக்குக் கொடுக்கும் மருந்தை உனக்கு முன்னால் யாரோ பணம் கொடுத்துக் கண்டுபிடிக்க வைத்தார்கள். அடுத்து வரும் பிள்ளைக்காக நாம் கொடுக்கிறோம்" என்றேன். "அவங்க யாரு?" என்றாள். தெரியாது என்றேன். அதில் அவளுக்குத் திருப்திதான்.

எனக்குக் கேட்கவே கூச்சமா இருக்கு. எப்படி வாயைத் திறக்கிறது?

42 கிலோமீட்டரைவிட இதுதான் கஷ்டம். கடன் கேட்பது போல நெஞ்சு படபடக்கும். நீங்களே முதல் நன்கொடையைப் போடுங்கள். அடுத்து, கட்டாயம் கொடுப்பார்கள் என்று தெரிந்த நான்கைந்து பேரிடம் தனியாகச் சொல்லுங்கள். வெறும் பூஜ்யத்தைப் பார்த்துக் கொடுக்க யாருக்கும் கை வராது. அப்புறம் மற்றவர்களுக்கு, ஒவ்வொருவர் பெயரையும் போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். குழுவில் ஒரே செய்தியைத் தட்டிவிட்டால், எல்லோரும் மற்றவர் கொடுப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

செய்தி சின்னதாக இருக்கட்டும். எதற்காக, எந்த நாள், எவ்வளவு தூரம், எங்கே கொடுப்பது. சோகத்தைக் கூட்டி எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அவர்கள் வீட்டில் என்ன நிலையோ. கொடுத்தவருக்கு அன்றைக்கே நன்றி சொல்லிவிடுங்கள்.

பணத்தை என் அக்கவுண்ட்ல வாங்கி மொத்தமா கட்டிடலாமா? அதுதானே சுலபம்?

வேண்டவே வேண்டாம். நீங்கள் நேர்மையானவராகவே இருப்பீர்கள். ஆனாலும் ஒருவர் தொகை விட்டுப்போகும், ஒருவர் ரசீது கேட்பார், வரிச் சலுகைக்கான ரசீதை அமைப்புதான் கொடுக்க முடியும். நான்கு பேர் நான்கு விதமாகப் பேச ஆரம்பித்தால், பிள்ளையின் பெயரும் அதில் அடிபடும். அமைப்பின் பக்கத்திலேயே நேராகக் கட்டச் சொல்லுங்கள். ரொக்கமாகத்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அன்றே கட்டி, ரசீதை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

பதிவுக் கட்டணம், ஷூ செலவையாவது அதுல எடுத்துக்கலாம்ல?

மேலே சொன்ன அதே காரணத்துக்காகக் கூடாது. ஷூ உங்கள் செலவு. யாராவது ஷூவுக்கென்று தனியாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை.

ஆராய்ச்சி முடிஞ்சு மருந்து வர பத்து வருஷம் ஆகும். இப்பவே பணமில்லாம தவிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுக்கிறதுதானே நியாயம்?

என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இது. கேட்டவர், பணமில்லாமல் பாதியில் சிகிச்சையை நிறுத்திய ஒரு குடும்பத்தைப் பார்த்தவர். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் 30-க்கும் குறைவு. அந்த இடைவெளியில் போகும் உயிர்களுக்குப் புது மருந்து தேவையே இல்லை. நோயை நேரத்தோடு கண்டுபிடிப்பதும், ஏற்கெனவே இருக்கும் மருந்து கிடைப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருப்பதும் போதும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தொடங்கிய திட்டத்தின் குறி, 2030-க்குள் உலகெங்கும் 100-க்குக் குறைந்தது 60 பேராவது பிழைக்க வேண்டும் என்பது.

ஆனால் மேலே சொன்ன மூளைத்தண்டுக் கட்டிக்கு உலகின் எந்த மூலைக்குப் போனாலும், எவ்வளவு பணம் கட்டினாலும் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அங்கே ஆராய்ச்சி ஒன்றுதான் வழி. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மட்டம்தட்ட நான் தயாரில்லை. கடைசியில் நான் ஆராய்ச்சிக்காக ஓடினேன், மாதாமாதம் சின்னத் தொகை ஒன்றைச் சிகிச்சை உதவிக்குக் கொடுக்கிறேன். கேட்டவர் நேர்மாறாகச் செய்கிறார்.

எந்த அமைப்பு என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். ஆண்டுக் கணக்கு வெளியிடுகிறார்களா? எந்த ஆய்வுக்குப் பணம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், வெளி நிபுணர்கள் பார்க்கிறார்களா? குழந்தைப் புற்றுநோய்க்கு என்று கொடுத்தால் அதற்கே போகுமா, பொது நிதியில் கரைந்துவிடுமா? பதில் சொல்லத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

பாதியில நின்னுட்டா? குடுத்தவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?

டெரி ஃபாக்ஸ் கடைசிவரை ஓடி முடிக்கவில்லை. புற்று நுரையீரலுக்குப் பரவியதால் 1980 செப்டம்பர் 1 அன்று நின்றார், அடுத்த ஆண்டு இறந்துபோனார். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் யாராவது உண்டா?

ஓடுபவர்களுக்குக் கொடுக்கும் எண் அட்டையைச் சட்டையில் குத்தியது நான்கு ஊக்குகளால். மகளின் மார்பில் போட்டிருந்த கீமோ குழாயின் நுனியைச் சின்னத் துணிப்பையில் சுருட்டி, அவள் சட்டையோடு குத்திவைக்கப் பயன்பட்ட அதே ஊக்குகள். ஒன்றில் துரு ஏறியிருந்தது. 31-ஆவது கிலோமீட்டரில் கால் இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிட்டன. தசையில் சேர்த்து வைத்த சக்தி தீரும் இடம் அது, பலருக்கும் அங்கேதான் சுவர் எழும்பும். அங்கிருந்து நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், நடந்தேன். ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடித்தேன். நடந்த கிலோமீட்டருக்கு யாரும் பணத்தைக் குறைக்கவில்லை.

நெஞ்சு வலி, தலைச்சுற்றல், குழப்பம் வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். தாகம் இல்லாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி உயிருக்கே கொண்டுபோய்விடும்.

எங்க பையன் போயிட்டான். இப்பவும் நான் ஓடலாமா? யாருக்காக ஓடுறதுன்னு தெரியலை.

இதைக் கேட்டவர் எங்கள் வார்டில் இருந்த ஒரு அப்பா. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஓடலாம். ஓடாமலும் இருக்கலாம். முதல் ஆண்டே ஓட வேண்டும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பயிற்சியின் நடுவே ஒரு நாள் காரணமே இல்லாமல் சாலையோரம் உட்கார்ந்துவிடுவீர்கள், அன்றைக்கு எழுந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஓட்டம் முடியும் இடத்தில், பிழைத்த பிள்ளைகள் வந்து நிற்பார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஓடினார். நிதி திரட்டவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. மறு ஆண்டுதான் சொல்லிக்கொண்டு ஓடினார்.

அடுத்த மராத்தான் எப்போ?

எப்போதும் இல்லை. என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது, ஆசையும் இல்லை. இப்போது ஓட்டம் நடக்கும் நாளில் 30-ஆவது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் தள்ளித் தண்ணீர் மேசையில் நிற்கிறேன். சுவரில் முட்டிக்கொண்டு வருபவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இதய ஸ்கேன் எடுக்கிறோம், முன்னே சொன்ன மருந்துகளின் பின்விளைவுக்காக. போன முறை, சிகிச்சை முடித்த பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே பிள்ளையின் சம்மதத்துக்கும் ஒரு கோடு இருந்தது. அவள் படிவத்தை வாங்கி, மூன்று பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தாள், இரண்டு இடத்தில் அர்த்தம் கேட்டாள். "ஊசி உண்டா?" என்றாள். ஆண்டுக்கு ஒன்று என்றார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள்.